பெருமுக்கல் மலைக்கு இரண்டு டிக்கெட்

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தால் என் பெண்டாட்டி மல்லிகா போட்டு உடைத்துவிடுவாள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கித்தான் விழுந்தேன்.

அரசு பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். பாதி சர்வீஸ் திண்டிவனம் மரக்காணம் ரூட்டிலேயே போயிற்று. வண்டி நின்றதும் இறங்குய்யா, உன் பெண்டாட்டி பிள்ளைக்கு நானா பதில் சொல்வது என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். அப்படிப்பட்டவன், அறுபத்து நாலாவது வயதில், திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே காலைக் கீழே வைத்தேன்.

திமிர் என்று நினைக்காதீர்கள், பழக்கம். வண்டி முழுசாக நின்ற பிறகு இறங்குகிற கண்டக்டரை நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு முறை உண்டு. வண்டி போகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும். இடது கால் முதலில். கால் தரையில் பட்டதும் வண்டியோடு சேர்ந்து நாலடி ஓடிவிட வேண்டும். அன்றைக்கு முகம் பார்த்த திசை சரியாகத்தான் இருந்தது, காலும் சரியாகத்தான் வைத்தேன். அந்த நாலடி ஓடுவதற்குத்தான் வலு இல்லை. முதல் அடியிலேயே முட்டி மடங்கி, இடது பக்கமாகச் சரிந்து விழுந்தேன்.

வலு எங்கே போயிற்று? பிளாஸ்டிக் நாற்காலியில் போயிற்று. ரிட்டையர் ஆகி நாலு வருஷம். காலையில் வாசலில் நாற்காலி, கையில் பேப்பர். பத்து மணிக்கு அதே நாற்காலி டிவி எதிரில். முப்பத்திரண்டு வருஷம் நின்றாயிற்று, இனி உட்காருகிற டியூட்டி என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். தண்ணீர், தட்டு, மாத்திரை எல்லாம் மல்லிகா கொண்டுவந்து கையில் கொடுப்பாள். நின்று நின்று கால் தேய்ந்த மனுஷன் என்று எதிர்வீட்டில் சொல்வாள். விடியற்காலையில் கையை வீசிக்கொண்டு வாக்கிங் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார்கள் இவர்கள் என்று கேட்டிருக்கிறேன், சத்தமாகவே.

திண்டிவனத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். தொடை எலும்பு இடுப்பில் போய்ச் சேருகிற இடத்துக்குக் கழுத்து என்று பேராம். அந்தக் கழுத்து ஒடிந்திருந்தது. ஆபரேஷன் செய்து, உள்ளே திருகாணி போட்டு முடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை எலும்பு நகராமலிருக்கக் காலில் பட்டையைச் சுற்றி, கட்டில் முனையில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். கிணற்று வாளிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது அது.

அங்கேதான் என் புத்தி என்னைக் கெடுத்தது. எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் மல்லிகா, கால்மாட்டில் மகள் சுமதி. விழுப்புரத்தில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சேதி கேட்டு எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றவள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். கண்டக்டர் ஓடுகிற வண்டியில் இறங்கி விழுந்தான் என்று எப்படிச் சொல்வது? தலை சுற்றியது டாக்டர், படியில் விழுந்துவிட்டேன் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தலை சுற்றினால் ஏன் சுற்றியது என்று பார்க்காமல் மயக்க ஊசி போட முடியாதாம். ஆரம்பித்தது பேஜாரு. ஈசிஜி எடுத்தார்கள். அடுத்தது எக்கோ. நெஞ்சின் மேல் ஏதோ பசையைத் தடவி, உள்ளே இதயம் அடிப்பதை டிவியில் படம்போலப் பார்க்கிற சோதனை அது. பிறகு தலைக்கு ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ரெச்சர், ஒவ்வொன்றுக்கும் வரிசை. ஒடிந்த இடுப்போடு வராண்டாவில் படுத்து மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் உயிர் போய் வந்தது. மறுநாள் செய்ய வேண்டிய ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போயிற்று.

என் வலியைவிடப் பெரிய பாவம் ஒன்று இருந்தது. மல்லிகா சாப்பிடவில்லை. சுமதி கேப்பை அடையும் ரசம் சாதமும் கட்டி எடுத்துவந்தால் எனக்கு ஊட்டிவிட்டு டப்பாவை மூடிவைத்துவிடுவாள். தலைக்குள் என்னவோ இருக்கிறது, அதனால்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டாள். ஸ்கேனுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, கட்டில் கம்பியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. உள்ளே ஒரு ரூபாய் காசு. வேண்டிக்கொண்டு காசு முடிந்துவைத்திருக்கிறாள்.

"யாருக்கு?" என்றேன்.

"பெருமுக்கல் மலைக்கு. நீங்க நல்லபடியா எழுந்துட்டா ரெண்டு பேரும் நடந்தே மேல ஏறி வர்றோம்னு வேண்டிகினேன்" என்றாள்.

பெருமுக்கல் என்றால் எங்கள் வீட்டில் வெறும் மலையில்லை. கல்யாணமான புதிதில் மலைமேல் இருக்கிற சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவை கேட்டாள். அடுத்த லீவில் போகலாம் என்றேன். அந்த அடுத்த லீவு வரவேயில்லை. ஒரு நாளைக்கு எட்டு நடை அந்த நிறுத்தத்தில் நின்று, பெருமுக்கல் இறங்கு, பெருமுக்கல் இறங்கு என்று ஊரையெல்லாம் இறக்கிவிட்டிருக்கிறேன். என் பெண்டாட்டியை ஒரு நாளும் அங்கே இறக்கியதில்லை.

அதற்குமேல் பொய்யைத் தூக்கிச் சுமக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். தலையும் சுற்றவில்லை, ஒன்றும் சுற்றவில்லை, ஓடுகிற வண்டியில் இறங்கினேன் என்றேன்.

மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேராக நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, மூடிவைத்த டப்பாவைத் திறந்து, கேப்பை அடை முழுவதையும் என் எதிரிலேயே உட்கார்ந்து தின்று தீர்த்தாள். எனக்கு ஒரு துண்டு தரவில்லை. அரை நாள் பேச்சில்லை. சாயங்காலம் கேட்டேன், வேண்டுதல் இப்போதும் உண்டா என்று. சாமிகிட்ட சொன்னதைத் திருப்பி வாங்க அது என்ன டிக்கெட்டா என்றாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் அலுங்காமல் படுத்திருக்கலாம் என்று நினைத்தால், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாலு காலுள்ள இரும்புச் சட்டம், பிடித்துக்கொண்டு நடப்பதற்கு. பெயர் நித்யா, பிசியோதெரபிஸ்ட், தினமும் கண்டமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். எழுந்து நில்லுங்கள் என்றாள். நேற்றுத்தானே அறுத்தார்கள், உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்றேன்.

"சார், திருகாணி ஒங்க எலும்ப மட்டும்தான் புடிச்சுகினு இருக்கும். ஒங்கள நிக்க வெக்கறது சதைதான். படுத்துகினே இருந்தீங்கன்னா அது நாளுக்கு நாள் கரைஞ்சுடும்" என்றாள்.

நாலு வருஷமாகக் கரைத்தது போதாதா என்று மல்லிகா பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரு கட்சி. நின்றேன். அரை நிமிஷம் நின்றதற்குள் பனியன் நனைந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் ஆடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவன், ஆடாத தரையில், நாலு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கினேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. மல்லிகா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, நல்லாத்தான் நின்னீங்க என்றாள்.

நித்யா சொல்லிக்கொடுத்தவற்றை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து எண்ண வேண்டும். தொடையின் முன்பக்கச் சதைக்கு அது. பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், காலில் ரத்தம் உறையாமலிருக்க. மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தாள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே எழும்பும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டுமாம், அதற்கு இது. மூன்றாவது பந்தை நான் தூக்கிய அன்றைக்கு மல்லிகா பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இன்னொன்றும் அப்போது நடந்தது, நான்தான் கவனிக்கவில்லை. மல்லிகா என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பாள். எழுந்திருக்கும்போது கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு முட்டியை ஊன்றி, அம்மாடி என்று ஒரு சத்தத்தோடுதான் எழுவாள். நித்யா அதைப் பார்த்துவிட்டு, அம்மா, சார் பண்றதையெல்லாம் கூடச் சேர்ந்து நீங்களும் பண்ணுங்க என்றாள். மல்லிகா சிரித்தாள். எனக்கு என்னம்மா, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வேலைதானே, அதுவே எக்சர்சைஸ் என்றாள். நானும் சிரித்தேன். ஆமாம், இவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்று பெருமையாக வேறு சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நித்யா மல்லிகாவிடம் ஒரு கண்டிஷன் போட்டாள். சார் கேட்டார் என்று தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது, அவரே எழுந்து போய்க் குடிக்கட்டும். மல்லிகாவுக்கு அது ஆபரேஷனைவிடப் பெரிய கஷ்டம். வீட்டில் முதல் வாரம், டீயைப் போட்டு அடுப்பங்கரை மேடையிலேயே வைத்துவிட்டு, நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. டீ ஆறிப்போய்த்தான் கிடைத்தது. ஆறின டீயை அவ்வளவு ருசித்துக் குடித்ததில்லை.

டாக்டர் சொன்ன நாளில் வாக்கர் போய்க் கைத்தடி வந்தது, பிறகு அதுவும் போயிற்று. என் டியூட்டியும் மாறிவிட்டது. சுவரோரம் நாற்காலியை ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருவேன். அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது இருபது. சுவரில் விரலை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, ஒவ்வொரு காலுக்கும் பத்து எண்ணிக்கை. வராண்டாவில் ஒரு பாதத்தின் நுனியை ஒட்டி இன்னொரு பாதத்தை வைத்து, கோட்டின் மேல் நடப்பதுபோல நடப்பேன். விழாமலிருக்கப் பழகுவது இது. எலும்பு மறுபடி ஒடியாமலிருக்க மாத்திரை இருக்கிறது, ஆனால் விழாமலிருப்பதுதான் முதல் மருந்து என்றார் டாக்டர். சாயங்காலம் வாக்கிங். கையை வீசிக்கொண்டுதான் போகிறேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

எட்டு மாதம் கழித்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது, நிதானமாகப் படி ஏறலாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையே கிளம்பினோம். மல்லிகா புளிசோறு கட்டினாள். மஞ்சள் முடிச்சை என் சட்டைப் பையில் வைத்தாள். மரக்காணம் பஸ்ஸில் ஏறினோம், என் பழைய ரூட். பெருமுக்கல் இறங்கு என்று புதுப் பையன் ஒருவன் குரல் கொடுத்தான். வண்டி முழுசாக நிற்கிறவரை சீட்டை விட்டு நான் அசையவில்லை. பெருசு, ஜல்தி என்றான் அவன். நின்றதும் இறங்குகிறேன்ப்பா என்றேன். மல்லிகா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மலையடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கினோம். நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். முதல் ஸ்டேஜ் இருபது படி, அங்கே நின்று மூச்சு வாங்க வேண்டும் என்பது என் திட்டம். நல்ல கால் மேலே, இன்னொன்று அதன் பின்னால். பத்து, பதினைந்து. இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. இருபதாவது படியில் நின்று, சந்தோஷம் தாங்காமல், பார்த்தாயா மல்லிகா என்று திரும்பினேன்.

பின்னால் அவள் இல்லை. ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வலது முட்டியைப் பொத்திக்கொண்டிருந்தன. முகம் வெளிறி, மேலுதடெல்லாம் வியர்வை.

இறங்கி வந்தேன். ஒன்றுமில்லை, கொஞ்சம் மூட்டுவலி, ரொம்ப நாளாக இருப்பதுதான் என்றாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே குந்திகினு இருக்கேன். நீங்க ஏறிட்டா நான் ஏறின மாதிரிதான்" என்றாள்.

அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தது. அம்மாடி என்ற சத்தம். குனிய முடியாமல் அரிசி டப்பாவைக் கீழ்த்தட்டிலிருந்து மேடைக்கு மாற்றியது. வேலையே எக்சர்சைஸ் என்று சொன்னபோது நான் சேர்ந்து சிரித்தது. எட்டு மாதம் என் ஒவ்வொரு அடியையும் எண்ணினாள் இவள். இவள் அடியை எண்ண வீட்டில் ஒரு நாதி இல்லாமல் போயிற்று. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. கண் கலங்கி மலை தெரியவில்லை.

மேலே பார்த்தேன். இன்னும் நிறைய இருந்தது, ஆனால் அன்றைக்கு என்னால் ஏறியிருக்க முடியும். நிச்சயமாக முடியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு டிக்கெட் போட்டுட்டு ஒரு ஆள ஏத்திகினு போறது என் சர்வீஸ்லயே கெடயாது" என்றேன்.

ஏழாவது படியில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். முடிச்சு சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது.

விழுப்புரம் போய் மல்லிகாவின் முட்டியைக் காட்டினோம். எலும்பும் எலும்பும் சேருகிற இடத்தில் மெத்தைபோல ஒன்று இருக்கிறதாம். அது தேய்ந்திருக்கிறது, ஆனால் ஆபரேஷன் அளவுக்கு இல்லை என்றார் டாக்டர். நித்யா விளக்கமாகச் சொன்னாள். தொடைச் சதை பலமாக இருந்தால் உடம்புப் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும், முட்டிக்கு நோவு குறையும். வீட்டு வேலையில் உடம்பு ஓய்கிறதே தவிர அந்தச் சதை தேறுவதில்லை. அன்றைக்கே சொன்னேனேம்மா என்றாள். மல்லிகா என்னைக் காட்டி, இவருதான் சிரிச்சாரு என்று மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு நாற்காலி. எதிரெதிர் சுவரில் ஒட்டிப் போட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். முதல் நாள் கைப்பிடியை ஊன்றி மூன்று தடவைதான் எழுந்தாள். எனக்கு வேலை கிடக்கிறது என்று அடுப்பங்கரைக்கு ஓடப் பார்த்தாள். வழியை மறித்துக்கொண்டேன். பால் பொங்கினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போய் நின்று, பொங்கவும் விட்டேன். திட்டிக்கொண்டே நாலாவது தடவை எழுந்தாள். பாத்திரம் இப்போது என் டியூட்டி. சரியாகத் தேய்ப்பதில்லை என்று மறுபடி எடுத்துக் கழுவுவாள், அதைக் கண்டுகொள்வதில்லை. ஒரு வாரம் வலி அதிகமாயிற்று, நித்யாவுக்கு போன் போட்டுக் கேட்டு எண்ணிக்கையைக் குறைத்தோம். பிறகு மெதுவாகக் கூட்டினோம். ஐந்து, எட்டு, பத்து. சாயங்காலம் வாக்கிங்குக்கும் இரண்டு பேர். அவளுக்குப் பேச்சுதான் வேகம், நடை நிதானம். நான் நின்று நின்று ஏற்றிக்கொண்டு போவேன்.

இப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது. நேற்றுக் காலை மல்லிகா தரையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் பேப்பர். வாசலில் கீரைக்காரம்மா குரல் கொடுத்தார். இந்தா வர்றேன் என்று சொல்லிக்கொண்டே மல்லிகா எழுந்தாள், போனாள், முளைக்கீரை ஒரு கட்டு வாங்கினாள்.

பேப்பரைக் கீழே போட்டேன். சுவரைப் பிடிக்கவில்லை. நாற்காலியைப் பிடிக்கவில்லை. அம்மாடி என்ற சத்தமும் இல்லை. மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு, சும்மா எழுந்து போய்விட்டாள். அவளுக்கே அது தெரியாது. கீரையோடு உள்ளே வருகிறாள்.

நாக்கை மடித்து இரண்டு விசில் அடித்தேன், முப்பத்திரண்டு வருஷம் வண்டியைக் கிளப்பின அதே விசில். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"இன்னாங்க, காலங்காத்தால பைத்தியமா?" என்றாள்.

"வண்டி எடுக்கறாங்க. வெள்ளிக்கிழமை பெருமுக்கல். கெளம்பு" என்றேன்.

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. தரையில் கிடந்த முறத்தைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கீரைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் எழுந்து போய் ஆணியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தேன். போன தடவை அது என் சட்டைப் பையில் வந்தது. இந்தத் தடவை அவள் கையில் கொடுத்தேன்.